எண்பத்து நாலு ஜாக்கெட்

தீபாவளிக்கு ஆறே நாள் இருக்கும்போது ஒரு தையல்கடையில் தீப்பிடித்தால் எரிவது கடைக்காரியின் சொத்து மட்டுமா? ஊரில் பாதிப் பொம்பளைகளின் ஜாக்கெட் அங்கேதானே தொங்கிக்கொண்டிருக்கும்.

பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகிற ரோட்டை விட்டுக் கீழே இறங்கி, ரெண்டு வாய்க்கால் தாண்டினால் அந்த ஊர். அங்கே பஞ்சநதம் வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்து ஜாய்ஸ் பன்னிரண்டு வருஷமாகத் தைக்கிறாள். புருஷன் ஆல்பின் கதிரறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். அறுவடை எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரில் இருப்பான். இப்போது விழுப்புரம் பக்கம். ஆக, அந்தக் குடும்பம் நின்றதும் நடந்ததும் ஜாய்ஸின் தையலில்தான். அவள் தைத்தால் கழுத்து ஏறாது, கை தூக்கினால் இடுப்பு ஏறாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு வாய் சோறு சாப்பிட வீட்டுக்குப் போனாள். ரெண்டு நாளாக விடாத மழை. கடைச் சுவர் ஊறிப்போய் இருந்தது. அந்தச் சுவரில் இருந்த சுவிட்சுப் பெட்டி வெடித்து, கீழே அடுக்கியிருந்த சிவப்பு லைனிங் துணியில் பொறி விழுந்தது. ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் ஓடிவந்து மெயினை இறக்கி, மணலைக் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். எரிந்தது என்று பார்த்தால் ஒரு மர அலமாரி, வெட்டு மேஜையில் ஒரு மூலை, ஒரு ஃபேன். தையல் மெஷின் தப்பிவிட்டது. ஆனால் நைலான் நூல்கண்டும் லைனிங்கும் உருகிக் கிளப்பிய புகை இருக்கிறதே, அது அந்த அறையில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

எண்பத்து நாலு ஜாக்கெட். தைத்து முடித்தது, ஊக்கு வைக்கவேண்டியது, கை மட்டும் ஒட்டவேண்டியது, பீரோவுக்குள் இருந்த பட்டைத் தவிர எல்லாவற்றின் மேலும் பிசுபிசுவென்று கறுப்பு.

ஜாய்ஸ் முதலில் போன் போட்டது புருஷனுக்கு இல்லை. பாபநாசம் ஸ்டேஷன் ரோட்டில் சலவைக்கடை வைத்திருக்கிற விண்ணரசிக்கு. பெரியப்பா மகள், ஐம்பது தாண்டியவள். அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டு விண்ணரசி கேட்ட முதல் கேள்வி, துணியை யாராவது உதறினார்களா என்பது. இல்லை என்றதும், அப்படியே விட்டுவிடு, கையால் தட்டாதே, ஈரத்துணியால் துடைக்காதே, கடையைப் பூட்டிவிட்டு நீ போய்ச் சாப்பிட்டு முடி என்றாள். அழாதே என்று மட்டும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் அப்புறம் நேரம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

விண்ணரசி ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் ஒரு லாண்டரி கம்பெனியில் இருந்தவள். ஹோட்டல் துணி துவைப்பது அந்தக் கம்பெனிக்குப் பாதி வேலை. தீப்பிடித்த வீட்டிலிருந்தும் தண்ணீர் புகுந்த வீட்டிலிருந்தும் வருகிற துணியை மீட்டுக் கொடுப்பது மறுபாதி. திரை, மெத்தை உறை, கல்யாண கவுன், குழந்தையின் கரடிப் பொம்மை என்று எதெதையோ கறுப்பாக வாங்கி வெள்ளையாகக் கொடுத்திருக்கிறாள். ஊருக்கு வந்து கடை போட்ட பிறகும், எந்தத் துணியைக் கொண்டுபோனாலும் ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு "வரும்" என்பாள், இல்லாவிட்டால் "வராது" என்பாள். பார்க்கலாம் என்ற சொல் அவள் வாயில் வராது.

புதன்கிழமை காலையிலேயே ஆம்னி வேனில் வந்து இறங்கிவிட்டாள். வாசலில் ஜாய்ஸ் வீங்கின கண்ணோடு நின்றாள். பக்கத்தில் வீட்டுக்காரம்மா பிரகதாம்பாள். பஞ்சநதம் மட்டும் தூரத்தில், மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தபடி துண்டை உதறிக்கொண்டு நின்றார்.

முதல் நாள் சாயங்காலமே அம்சவல்லி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள் என்று ஜாய்ஸ் சொன்னாள். அம்சவல்லி சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். அவள் ஒன்று சொன்னால் தெரு முழுக்க அதைச் சொல்லும். அவள் சொன்னது இதுதான்: பாவம், உன்மேல குத்தம் இல்ல, ஆனா தீப்பட்ட துணிய நல்ல நாளும் அதுவுமா யாரு உடுத்துவா.

"அவங்க உடுத்துறாங்களா இல்லையாங்கறது ஞாயித்துக்கிழமைப் பிரச்சினை," என்றாள் விண்ணரசி. "இன்னிக்குப் புதன்கிழமை. கதவத் தொற."

உள்ளே போய்க் கம்பியில் தொங்கியதையும் மேஜைமேல் ரெண்டு குவியலாகக் கிடந்ததையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அங்கங்கே ஈரம் பட்டு உலர்ந்திருந்தது. தீயணைத்தபோது தெறித்த தண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றைத் தனியே எடுத்து வைத்தாள். அது மூன்றும் கருகியே போய்விட்டது. இருபத்தொன்று பட்டு, இரும்பு பீரோவுக்குள் இருந்ததால் அதில் வாடை மட்டும்தான். மிச்சம் அறுபதும் பருத்தியும் கலப்பும். "மூணு வராது. மத்ததெல்லாம் வரும்," என்றாள். ஜாய்ஸ் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

புகை படிந்த துணியைத் துவைக்கிற அவசரம் எல்லோருக்கும் வரும். கறுப்பைப் பார்த்ததும் தண்ணீரில் முக்கத்தான் கை போகும். அங்கேதான் கெடும். அந்தக் கரி எண்ணெய்ப் பசை உள்ளது. ஈரம் பட்டால் நூலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதலில் வறட்டு வேலை. வேக்குவம் குழாயின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, தொட்டும் தொடாமலும் இழுக்கவேண்டும். பிறகு காய்ந்த ரப்பர் ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. திரும்ப மேலே போகக்கூடாது. ஸ்பாஞ்சு கறுத்தால் அந்த முகத்தைச் சீவிவிட்டு மறு முகம்.

மூன்று பேரும் அன்று முழுவதும் அதைத்தான் செய்தார்கள். பிரகதாம்பாளுக்கு அறுபத்தைந்து வயது. வேண்டாம் பெரியம்மா என்றாலும் கேட்கவில்லை. நடவு வயலில் நிற்கிற மாதிரி முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நல்ல கை அவளுக்கு. அழுத்தாமல் இழுக்க ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள்.

மத்தியானம் அவள் வீட்டிலிருந்து பருப்புருண்டைக் குழம்பு கொண்டுவந்தபோதுதான் விண்ணரசி ஒரு சட்டம் போட்டாள். இந்த அறைக்குள் குழம்பு, சாம்பார், பொரியல் எதுவும் வரக்கூடாது. மஞ்சள் போட்ட எதுவும் வாசலோடு சரி. கைகழுவாமல் யாரும் நிலைப்படி தாண்டக்கூடாது. கரியைவிடக் குழம்புக்கறை மோசம் என்றாள். பிரகதாம்பாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் தயிர்சாதமும் உப்பு நார்த்தங்காயும் வந்தன. அவள் முகம் வாடியிருந்ததை விண்ணரசி பார்த்தாள். குழம்பைத் திருப்பி அனுப்பியதால் என்று எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஜாய்ஸ் கருகிப்போன மூன்று ஜாக்கெட்டையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த மூன்று வீட்டுக்கும் தானே போனாள். போய்ச் சொல்லிவிட்டு, அதே சேலைக்குப் பொருந்துகிற துணியைத் தான் எடுத்துத் தைத்துத் தருவதாகச் சொல்லி, மறுபடி அளவு ஜாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். போகும்போது இருந்த நடை வேறு, திரும்பி வரும்போது இருந்த நடை வேறு.

வியாழக்கிழமை துணியெல்லாம் பாபநாசம் போயிற்று. பிரகதாம்பாளும் வேனில் ஏறிக்கொண்டாள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை என்றாள். பட்டு இருபத்தொன்றையும் சின்ன அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டு, வாடை எடுக்கிற மெஷினைப் போட்டு, கதவை அடைத்து, இடுக்கில் டேப் ஒட்டினாள் விண்ணரசி. நாளைக் காலை வரை அந்தப் பக்கம் யாரும் மூக்கை நீட்டக்கூடாது. அப்புறம் பெரிய தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டு, சோப்பு எண்ணெயும் சலவைச் சோடாவும் கலந்தாள். புகைக்கு ஒரு புளிப்புக் குணம் உண்டு. சோடாதான் அதை நூலிலிருந்து பிரித்துத் தள்ளும். முதல் ஈடாக வெளிர் நிறம் முப்பத்திரண்டை இறக்கினாள். ரோஸ், பிஸ்தா, சந்தனம், வெள்ளையில் பூப்போட்டது.

பத்து நிமிஷத்தில் தண்ணீர் காப்பி டிக்காஷன் மாதிரி ஆயிற்று. நன்றாகத்தான் இறங்குகிறது என்று ஒரு சந்தன நிற ஜாக்கெட்டை வெளியே தூக்கினாள். கறுப்பு போய்விட்டிருந்தது. போன இடத்தில் சிவப்பு. முதுகிலும் தோளிலும் சொட்டுச் சொட்டாக, ரத்தம் தெறித்த மாதிரி. அடுத்ததைத் தூக்கினாள். அதிலும். அதற்கடுத்ததிலும்.

ஜாய்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

விண்ணரசி கொஞ்சமும் அசரவில்லை. இது அந்தச் சிவப்பு லைனிங்கின் சாயம் என்றாள். தீயணைக்க ஊற்றின தண்ணீரில் சாயம் கரைந்து தெறித்திருக்கிறது. கரி மூடியிருந்ததால் தெரியவில்லை. ஷார்ஜாவில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிவப்புக் கம்பளம் நனைந்து நானூறு மேஜைவிரிப்பில் ஏறியதை அவள் எடுத்திருக்கிறாள். அதற்கு ஹைட்ரோஸ் என்று ஒரு தூள் உண்டு, அது சாயத்தைத் தின்றுவிடும். ஆனால் ஒன்று, அந்தத் தூளுக்கு நல்ல சாயம் கெட்ட சாயம் தெரியாது. மேஜைவிரிப்பு வெள்ளை, கவலையில்லை. இது ஜாக்கெட். சிவப்பும் போகும், ரோஸும் போகும், பிஸ்தாவும் போகும். வெளுத்ததை மறுபடி சாயம் ஏற்றிச் சேலைக்குப் பொருத்தவேண்டும்.

முப்பத்திரண்டு பேர் சேலைக்கா, மூன்று நாளிலா என்று ஜாய்ஸ் கேட்டாள். வேறு வழி இருந்தால் சொல்லமாட்டேனா என்றாள் விண்ணரசி. ஜாய்ஸ் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொருந்தாத ஜாக்கெட்டை நீட்டினால் இந்த வருஷத்தோடு தன் கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சிவப்புப் பொட்டோடு நீட்டினாலும் வரமாட்டார்கள். கடைசியில், போடுங்க அக்கா என்றாள்.

விண்ணரசி தூள் டப்பாவின் மூடியைத் திருகினாள்.

"விண்ணரசி, அந்த டப்பாவ மூடு," என்றாள் பிரகதாம்பாள்.

"நெடி ஏறும் பெரியம்மா. நீங்க தள்ளி உக்காருங்க."

"மூடுங்கறேன்ல. அது லைனிங் சாயம் இல்ல."

"பின்ன என்ன சாயம்?"

"ஆலத்திச் செவப்பு அது. எத்தன பொண்ணு மாப்பிள்ளைக்குச் சுத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா வருமே, அந்தச் செவப்பு."

விண்ணரசிக்குக் கோபமே வந்துவிட்டது. மஞ்சள் அந்த அறைக்குள் நுழையவேயில்லை, குழம்பைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பினேன், உங்களுக்கே தெரியும் என்றாள்.

"நீ வர்றதுக்கு முன்னாடியே நுழைஞ்சிருச்சு," என்றாள் பிரகதாம்பாள். "நாந்தான் கொண்டுபோனேன்."

அப்புறம் ஜாய்ஸின் முகத்தைப் பார்க்காமல், தொட்டித் தண்ணீரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை அந்தியில் அம்சவல்லி வந்து தீப்பட்ட துணி என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனாள் அல்லவா, அது இவளுக்குப் பொறுக்கவில்லை. ஜாய்ஸ் பூட்டிவிட்டுப் போனதும், தன்னிடம் இருந்த மறுசாவியால் திறந்து, சொம்பில் மஞ்சளைக் கரைத்து, வேப்பங்கொத்தால் நாலு மூலைக்கும் தெளித்தாள். மெஷினுக்கு, மேஜைக்கு, கொடியில் தொங்கினதற்கு, குவியலுக்கு. தீட்டுப் போகட்டும், பிள்ளை பிழைப்பு நிலைக்கட்டும் என்றுதான். மாதா படம் மாட்டியிருக்கிற கடை; கேட்டால் வேண்டாம் என்பாளோ என்று கேட்கவில்லை. மறுநாள் விண்ணரசி வந்து தண்ணீரே படக்கூடாது என்றதும்தான் செய்த தப்பு புரிந்தது. இதோ சொல்லலாம், அதோ சொல்லலாம் என்று ரெண்டு நாள் ஓடிவிட்டது.

ஜாய்ஸ் தொட்டியிலிருந்து ஒரு ஜாக்கெட்டைத் தூக்கிச் சிவப்புப் பொட்டை விரலால் தடவினாள். பிறகு, "தெளிச்சதுக்கு எனக்கு வருத்தம் இல்ல பெரியம்மா," என்றாள். "சொல்லாம இருந்தீங்களே, அதுக்குத்தான். இன்னும் ஒரு நிமிசம் ஆயிருந்தா அக்கா தூளக் கொட்டியிருக்கும்."

"அதான் வாயத் தொறந்துட்டேனேடி," என்றாள் பிரகதாம்பாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

விண்ணரசி எதிர்க் கடையில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவந்தாள். சந்தன நிற ஜாக்கெட்டை விரித்து, ஒரு சிவப்புப் பொட்டின்மேல் ரெண்டு சொட்டுப் பிழிந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு அவிந்து மஞ்சள் ஆயிற்று. லைனிங் சாயமாக இருந்தால் எலுமிச்சைக்கெல்லாம் அசைந்துகொடுக்காது. அவள் அந்த மஞ்சள் பொட்டைப் பார்த்தாள், பிரகதாம்பாளைப் பார்த்தாள், சிரிப்பு வந்துவிட்டது.

"பதினெட்டு வருசம் எத்தனையோ நாட்டுக்காரன் வீட்டுத் துணிய எடுத்தேன் பெரியம்மா. ஒருத்தன்கூட வீடு எரிஞ்சதும் மஞ்சத்தண்ணி தெளிக்கல. அதனால எனக்குத் தெரியாமப் போச்சு. இந்த ஊர்ல பொறந்தவ நான், எனக்கே தெரியல பாருங்க."

"தெளிச்சிருந்தா அவன் வீடெல்லாம் நல்லா இருந்திருக்கும்," என்றாள் பிரகதாம்பாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. முப்பத்திரண்டையும் நாலு தண்ணீரில் அலசி, வினிகர் விட்ட தண்ணீரில் போட்டு எடுத்தார்கள். சிவப்பு முழுக்க மஞ்சளாகிவிட்டது. இறக்காமல் வைத்திருந்த இருட்டு நிறம் இருபத்தெட்டையும் சோடா இல்லாமல் சோப்பு எண்ணெயில் மட்டும் ரெண்டு தடவை ஊறவைத்து எடுத்தார்கள். பாடு அதிகம்தான், ஆனால் கரி போயிற்று. மஞ்சளை என்ன செய்வது என்று ஜாய்ஸ் கேட்டாள். மஞ்சளுக்கு மருந்து வெயில்தான். ஈரத்தோடு வெயிலில் காட்டினால் மூன்று மணி நேரத்தில் தானாகப் பறந்துவிடும். துணியின் சொந்த நிறம் அதற்குள் மங்காது, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

வெயில்தான் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க மழை. ஜாய்ஸ் தன் வீட்டுக் கூடத்தில் மெஷினைப் போட்டுக் கருகின மூன்றுக்குப் பதில் தைத்தாள். விண்ணரசி அறையின் டேப்பைப் பிரித்து, பட்டை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, சரி என்று மடித்தாள். சனிக்கிழமை காலையில் மட்டும் மழை விட்டு வானம் வெறிக்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று டிவியில் சொன்னார்கள்.

சனிக்கிழமை சொன்னபடியே வெறித்தது. அறுபது ஜாக்கெட்டையும் ஈரமாகவே வேனில் ஏற்றிக்கொண்டு விண்ணரசி புறப்பட்டாள். அவள் கடையின் மேலே தகரம். வெயில் விழுகிற இடமே இல்லை. பிரகதாம்பாள் வீட்டு மொட்டை மாடிதான் ஊரிலேயே பெரியது.

ஆனால் அன்றைய வெயிலுக்குக் காத்திருந்தது அவள் மட்டுமா? குறுவை அறுத்த சமயம் அது. ரோட்டில் ஒரு பாதி நெல். பள்ளிக்கூட மைதானத்தில் நெல், ரயில்வே கேட் ஓரத்தில் நெல், பாலத்தின் மேல்கூட நெல். ஈரப்பதம் பதினேழுக்குமேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். பஞ்சநதம் கொண்டுபோன நெல்லில் இருபத்தொன்று என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த நெல் முழுவதும் இப்போது மொட்டை மாடியில் சுவருக்குச் சுவர் பரப்பியிருந்தது. நடுவே அவர் வெறுங்காலால் உழுதுகொண்டே போகிற மாதிரி நெல்லைக் கிளறி நடந்துகொண்டிருந்தார்.

விண்ணரசி நேராகக் கேட்டாள். பாதி மாடி வேண்டும் பெரியப்பா, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும்.

அவர் நடையை நிறுத்தாமலே சொன்னார், முடியாது என்று. நாலு நாளாக மூட்டையில் கிடந்து அடியில் சூடு கண்டுவிட்டது. இன்னும் ஒருநாள் போனால் முளைவிட்டுவிடும். இதைப் பாதியாக ஒதுக்கினால் கனம் இரட்டிக்கும், மேலே மட்டும்தான் காயும். கொடி மேலே கட்டிக்கொள்கிறோமே, நெல் கீழே கிடக்கட்டும் என்று ஜாய்ஸ் கெஞ்சினாள். அறுபது ஜாக்கெட் தொங்கினால் நிழல் யார் மேலே விழும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பிரகதாம்பாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விண்ணரசி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள், பேசவேண்டாம் என்று.

அவர் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பினார். மாடியின் அந்த மூலையிலிருந்து பார்த்தால் கடைச்சுவர் தெரியும். தெரிகிற இடத்தில் நின்றார். சுவர் கறுத்து, பூச்சு உரிந்து, செங்கல் ஈறு மாதிரி தெரிந்தது.

"அந்தச் செவுத்த ஆடியிலேயே பூசியிருக்கணும்," என்றார். "இந்தப் பொண்ணு ரெண்டு வருசமாச் சொல்லுச்சு."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நெல் தள்ளுகிற பலகையை எடுத்துக் குனிந்து, கிழக்கிலிருந்து மேற்காகத் தள்ள ஆரம்பித்தார். ஜாய்ஸ் ஓடிப்போய் விளக்குமாற்றை எடுத்தாள்.

பத்து மணிக்குக் கொடியெல்லாம் ஏறிவிட்டது. வெளிர் நிறம் வெயிலைப் பார்த்து, இருட்டு நிறம் உள்புறம் திருப்பி. விண்ணரசி ஒரு தண்ணீர்ப் பீச்சியை வைத்துக்கொண்டு, காய்கிற பொட்டை எல்லாம் நனைத்துக்கொண்டே போனாள். அந்தப் பக்கம் கனமாகக் கிடந்த நெல்லுக்குச் சும்மா இருந்தால் ஆகாது. அதனால் ஜாய்ஸும் பிரகதாம்பாளும் பஞ்சநதமும் மாற்றி மாற்றி, ஓயாமல் காலால் கிளறிக்கொண்டே இருந்தார்கள். கால் வைத்த தடத்தில் அடிநெல் மேலே வந்து ஆவி பறந்தது. ஜாய்ஸுக்குத் தையல் மெஷின் மிதித்த கால். ஒரே சீராக, நூல் பிடித்த மாதிரி வரிசை போட்டாள். பஞ்சநதம் பார்த்துவிட்டு, ஆல்பினை வரச்சொல்லித் தையல் மெஷினில் உட்காரவை, நீ வயலுக்கு வா என்றார். அந்த நாலு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

பதினொன்றரைக்கு விண்ணரசி சந்தன நிறத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பொட்டு இருந்த இடத்தில் ஒரு நிழல் மட்டும். பன்னிரண்டரைக்கு அதுவும் இல்லை. ஒரு மணிக்கு மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. ஜாக்கெட்டை அள்ளுவதா, நெல்லை மூடுவதா என்று நாலு பேரும் மாடியில் ஓடினார்கள். முதல் தூறல் விழுந்தபோது தார்ப்பாய்க்கு வெளியே ஒரு மணி நெல் இல்லை, கொடியில் ஒரு ஜாக்கெட் இல்லை.

நெல் பதினெட்டுக்கு வந்தது. இன்னும் ஒருநாள் வெயில் வேண்டும் என்று பஞ்சநதம் அன்றைக்கு முழுவதும் முணுமுணுத்தார். ஆனால் முளைவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு முந்தின நாள், ஜாய்ஸ் சர்ச்சில் காலை முதல் பூசையையே பார்த்துவிட்டு வந்து கடை வாசலில் ஒரு பெஞ்சையும் மேஜையையும் போட்டாள். உள்ளே இன்னும் கரிச்சுவர்தான். ராவோடு ராவாகப் பாக்கி ஊக்கும் கையும் வைத்துத் தேய்த்து மடித்த ஜாக்கெட் எல்லாம் வெள்ளைத் துண்டு விரித்த மேஜையில் அடுக்காக இருந்தன. விண்ணரசியும் வந்திருந்தாள், தன் வேலை முடிந்தது, ஆனாலும் போக மனமில்லாமல் வேனில் சாய்ந்து நின்றாள்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் கிட்டே வரவில்லை. எதிர் வேப்பமரத்தடியில் நின்று, மழையைப் பற்றியும் பட்டாசு விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாருக்குக் காத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அம்சவல்லி குடையை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நேராக மேஜைக்கு வந்தாள். அவளுடையது அந்தச் சந்தன நிறம்தான்.

ஜாய்ஸ் எடுத்து நீட்டினாள். கெஞ்சவில்லை.

"அத்தை, இது தீப்பிடிச்ச ரூம்ல இருந்துச்சு. பொகை படிஞ்சுது, நெருப்பு படல. பெரியம்மா தீட்டுப் போகணும்னு மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க. அது சோடாவுல செவந்து போச்சு, எலுமிச்சம்பழம் போட்டோம், வெயில்ல போட்டு அந்த மஞ்சளையும் எடுத்துட்டோம். இவ்வளவும் உங்க ஜாக்கெட் பட்டிருக்கு. மனசு ஒப்புனா எடுத்துக்குங்க. ஒப்பலன்னா சொல்லுங்க, புதுத்துணி எடுத்து விடியறதுக்குள்ள தச்சுத் தர்றேன்."

மரத்தடியில் நின்றவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அம்சவல்லி ஜாக்கெட்டை முகர்ந்தாள். வெளிச்சத்தில் பிடித்து முதுகைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், உள்ளே திருப்பித் தையல் விளிம்பைப் பார்த்தாள். வேனில் சாய்ந்திருந்த விண்ணரசி நிமிர்ந்து நின்றாள்; பதினெட்டு வருஷத்தில் எந்தத் துரை வீட்டம்மாவும் அவளை இப்படி நிற்கவைத்ததில்லை.

"பிரகதாம்பா அக்கா தெளிச்சாங்களா?" என்றாள் அம்சவல்லி.

"தெளிச்சாங்க. ஆனா அத எடுத்தாச்சுங்கறேனே."

"எடுத்தா என்ன. தெளிச்சது தெளிச்சதுதான்." சொல்லிவிட்டு, போட்டுப் பார்ப்பதற்காகக் கடைக்குள்ளே கட்டியிருந்த திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

வெளியே வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஜாக்கெட்டைப் போட்டு, சேலையைச் சுற்றிச் செருகி, இடது கையை மேலே தூக்கிக் கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகம் சுளித்திருந்தது.

"ஏன் ஜாய்ஸு, இந்தக் கை இப்படி இறுக்குது. அளவு ஜாக்கெட் குடுத்தேனே, பாத்தியா இல்லியா. கொஞ்சம் சதை போட்டுட்டேன், அரை இஞ்சு விடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

ஜாய்ஸ் ஒரு வினாடி அவளையே பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்து அந்தக் கையில் சுற்றினாள்.

"அரை இஞ்சு விட்டுத்தான் வெட்டினேன் அத்தை. நீங்க புரட்டாசியிலேருந்து இன்னும் அரை இஞ்சு போட்டிருக்கீங்க. அவுத்துக் குடுங்க, உள்ள துணி இருக்கு, பிரிச்சு விடுறேன்."

மரத்தடியில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் மேஜைக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி கழுத்தை இன்னும் இறக்கமாகக் கேட்டிருந்தாளாம். ஒருத்திக்கு ஊக்கு நாலுதான் இருக்கிறது, ஐந்து வேண்டும். இன்னொருத்திக்கு முதுகில் முடிச்சுப் போடுகிற கயிற்றில் குஞ்சலம் எங்கே என்று தெரிந்தாகவேண்டும். யாரும் துணியை முகரவில்லை, வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. தோள், இடுப்பு, கை என்றுதான் சத்தம் போட்டார்கள்.

விண்ணரசி கூட்டத்துக்கு மேலே கையை ஆட்டி, நான் கிளம்புகிறேன் என்றாள். ஜாய்ஸ் வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு அம்சவல்லியின் கைத்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பேச முடியவில்லை. போங்க என்று புருவத்தைத் தூக்கிவிட்டு, மறுபடி தையலுக்குக் குனிந்தாள்.